எண்ணிக்கையில் குறையாதவர்கள்

வாசலில் குண்டு வெடித்துச் செத்துப்போன நாற்பத்தொரு மாணவர்களும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்புக்கு வந்துவிட்டார்கள். பாக்தாத்துக்குத் தொலைவில் இருக்கும் எங்கள் ஊர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் வாரம் தொடங்குவது ஞாயிறன்றுதான். அன்று லேசான தூறல். இரும்புக் கதவை இன்னும் நிமிர்த்தவில்லை. கருகிப்போன பேரீச்ச மரத்தடியில் நின்ற காவலர்கள் ஆண்களைத் தடவிப் பார்த்தும் பெண்களின் பையைத் திறந்து பார்த்தும் உள்ளே விட்டார்கள்; செத்தவர்களையும் அப்படியே சோதித்து விட்டார்கள். புதன்கிழமை போர்வையில் சுற்றித் தூக்கிய அதே பெண்ணின் பையைத்தான் திறந்து பார்த்தோம் என்பது பகல் சாப்பாட்டின்போதுதான் உறைத்தது என்று காவலர்களில் ஒருவர் பிறகு சொன்னார். பையில் ஒரு கால்குலேட்டரும் பாதி கடித்த எள்ளு மிட்டாயும் இருந்தனவாம்.

வந்தவர்கள் அன்று உடுத்தியிருந்ததையே உடுத்தியிருந்தார்கள், கறையோ கிழிசலோ இல்லாமல். தத்தம் இடத்தில் உட்கார்ந்து பாடத்தை எழுதிக்கொண்டார்கள். சாப்பிடவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. பாடத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொன்னார்கள். வீட்டைப் பற்றியோ வாசலைப் பற்றியோ கேட்டால், தெரியாத மொழியில் கேட்டதைப்போல மரியாதையாகப் பார்த்தார்கள். மாலையில் வாசலைத் தாண்டி நதிப் பக்கம் திரும்பினார்கள். திருப்பத்துக்கு அப்பால் யாரும் அவர்களைப் பார்த்ததில்லை. துணைவேந்தரின் அவை கூடி ஆலோசித்தது. சாவு என்பது சுகாதாரத் துறையின் விவகாரம், வருகை என்பது நம் விவகாரம், இவர்கள் வருகிறார்கள் என்று சட்டப் பேராசிரியர் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தலைக்கணக்கைப் பார்த்துத்தான் ஜெனரேட்டருக்கு டீசலும் ஆய்வகங்களுக்கு அமிலமும் ஒதுக்கப்படும் என்பதையும் யாரும் மறக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் ஊரும் பழகிப்போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் ஊருக்கு வியப்பாக இருந்தது டீசல் கிடைத்தால்தான்.

பல்கலைக்கழகத்தின் புள்ளிவிவரப் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவள் நிதால். ஆண்டுதோறும் 'தகவல்களும் எண்களும்' என்றொரு மெல்லிய நீலப் புத்தகம் அவள் கையால்தான் வெளிவரும். எத்தனை துறைகள், எத்தனை மாணவர்கள், விடுதியில் எத்தனை கட்டில்கள், நூலகத்தில் எத்தனை நூல்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், போர்முனைக்குப் போய்த் திரும்பாதவர்களைக் கழித்து எழுதினாள். பொருளாதாரத் தடை ஆண்டுகளில், லிபியாவுக்கும் ஏமனுக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்விட்ட பேராசிரியர்களைக் கழித்து எழுதினாள். ஆட்சி கவிழ்ந்து சூறையாடல் நடந்த ஆண்டில் நுண்ணோக்கிகள் என்ற இடத்துக்கு நேரே பூஜ்யம் போட்டுவிட்டு, அழாமல் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள். பொய் எண்ணை எழுதுவது பிணத்துக்குப் பவுடர் பூசுவதுபோல என்பது அவள் கொள்கை. கழித்துக் கழித்தே தலை நரைத்தவளுக்கு அந்த ஆண்டு மட்டும் கழிக்க எதுவும் இல்லை. நாற்பத்தொரு பேரில் ஒருவன் அவளுடைய ஒரே மகன் ஸர்மத், கட்டடப் பொறியியல் மூன்றாமாண்டு.

அவனைக் குழிக்குள் இறக்கியது அவளுடைய கணவர் ஹிக்மத். மூன்று நாள் துக்கம் முடிந்ததும், வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள் வேலைக்கு வந்தாள். தாழ்வாரத்தில் எதிரே ஸர்மத் வந்தான், புதன்கிழமை போட்டுப்போன நீல ஸ்வெட்டரோடு. நின்று, தலையைத் தாழ்த்தி, "சலாம் மேடம். மண்ணியல் ரிசல்ட் எப்ப போடுவாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டான். அவன் முதலாமாண்டு சேர்ந்தபோது, வளாகத்துக்குள் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது, சலுகை காட்டுகிறேன் என்று பேச்சு வரும் என்று அவள்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். உயிரோடிருந்தவரை அவனும் அதைக் கடைப்பிடித்தான்; மேடம் என்று சொல்லிவிட்டு ஒரு கண்ணைச் சிமிட்டுவான். இப்போது சிமிட்டவில்லை. செத்துப்போனதால் தன்னை மறந்தானா, தன் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வியாழக்கிழமை போடுவார்கள் என்று மட்டும் சொன்னாள். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

பெற்றவர்கள் வந்தார்கள். சோறு அடைத்த திராட்சையிலைகளையும் பேரீச்சை வைத்துச் சுட்ட பலகாரங்களையும் கொண்டுவந்து வகுப்பு வாசல்களில் நின்றார்கள். பிள்ளைகள் வழிவிட்டு ஒதுங்கிப் போனார்கள். ஒரு தகப்பன் மகளின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காரில் உட்காரவைத்தார். கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது என்றார். கார் நதித் திருப்பத்தைக் கடந்ததும் பக்கத்தில் பூட்டிய பெல்ட் மட்டும் இருந்தது. மறுநாள் அந்தப் பெண் வழக்கம்போல எட்டரை மணிக்கு இருக்கையில் இருந்தாள். அதற்குப் பிறகு யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. தூரத்தில் நின்று பார்த்தார்கள்.

கோடையில் இறுதியாண்டு முடிவுகள் வந்தன. செத்தவர்களில் இறுதியாண்டு மாணவர்கள் அனைவரும் நல்ல மதிப்பெண்ணில் தேறினார்கள். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியோடு மேடையேறிச் சான்றிதழ் வாங்கினார்கள்; தாய்மார்கள் குலவையிட்டார்கள். மேடையின் மறுபக்கம் இறங்கும் படிகளில் அவர்கள் இல்லை. அங்கிகளைத் திரும்ப வாங்க வேண்டிய குமாஸ்தா படிக்கட்டில் கிடந்தவற்றைப் பொறுக்கி மடித்துவைத்தார். மறுநாள் வகுப்புக்கும் அவர்கள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. கூட்டத்தோடு நின்று குலவையிட்ட ஒருத்தி, நானே கைதட்டி அனுப்பிவிட்டேனே என்று வாசலில் விழுந்து புரண்டாள்.

நிதால் அன்றே கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஸர்மத்துக்கு இன்னும் ஓராண்டுதான். மூன்றாமாண்டில் ஒருமுறையும் நான்காமாண்டில் ஒருமுறையும் தவறினால் மூன்று ஆண்டுகள். அதற்குமேல் முடியாது, ஒரே வகுப்பில் அடுத்தடுத்து இருமுறை தவறியவனின் பெயரை அடித்துவிடுவது விதி. அவள் மண்ணியல் பேராசிரியர் கஸ்வானின் அறைக்குப் போனாள். ஆயுதக் கும்பல்கள் தங்கள் ஆட்களைத் தேறவைக்கச் சொல்லி மிரட்டியபோதும் ஒரு மதிப்பெண்கூட ஏற்றிப் போடாதவர் என்று பெயர் வாங்கியவர் அவர். ஸர்மத்தின் விடைத்தாள் அவர் மேசையில் இருந்தது. அவனைத் தவறவைக்கும்படி அவள் கேட்டதும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"மார்க் போடச் சொல்லி வந்தவங்க எல்லாம் துப்பாக்கியோட வந்தாங்க. அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன். நீங்க வெறுங்கையோட வந்திருக்கீங்களே, உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"ஒரு வருஷம், டாக்டர். உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு."

"இருக்காங்க. அதனாலதான் அவங்கள எல்லை தாண்டி அம்மான் நகரத்துக்கு அனுப்பிட்டு இங்க தனியாச் சமைச்சுச் சாப்பிடறேன்," என்றார் கஸ்வான். பேனாவை எடுத்து முதல் பக்கத்தில் முப்பத்தெட்டு என்று எழுதினார்; தேற ஐம்பது வேண்டும். வாழ்நாளில் அவர் எழுதிய முதல் பொய் அது. நிதால் ஒத்துக்கொண்ட முதல் பொய் எண்ணும் அதுதான்.

முடிவைப் பார்த்த ஸர்மத்துக்குக் கோபம் வரவில்லை. செத்தவர்களுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. திகைப்புதான். எந்த இடத்தில் பிழை என்று கேட்டுக் கஸ்வானின் கதவடியில் நின்றான். அவர் வேறு பக்கமாகப் போகத் தொடங்கினார். அவனோடு படித்தவர்களில் உயிரோடிருந்த தோழர்கள் மேலே போனார்கள், பட்டம் வாங்கினார்கள், ஒருவன் ஸ்வீடனுக்குப் போனான், இருவருக்குக் கல்யாணம் ஆயிற்று. ஸர்மத் தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தை எழுதினான். பையன்கள் அவனை, வயதில் மூத்த பெரியவரைக் கூப்பிடுவதுபோல, ஹாஜியார் என்று கூப்பிட்டார்கள். "என்ன ஹாஜியாரே, இந்த வருஷமாவது எங்களுக்கு எடத்தக் காலி பண்ணுவீங்களா?" என்று கேட்பார்கள். அவனும் அதைப் பாடம் சம்பந்தப்பட்ட கேள்வியாக எடுத்துக்கொண்டு, முயற்சி செய்கிறேன் என்பான். அடுத்த கோடையில் தேறி நான்காமாண்டுக்குப் போனான். நிதால் காலையில் சீக்கிரம் வந்து, மாடி ஜன்னலிலிருந்து அவன் வாசலில் சோதனைக்குக் கைகளைத் தூக்கி நிற்பதைப் பார்ப்பாள். அவளுக்கு நாள் முழுவதும் அது போதும்.

ஹிக்மத் மட்டும் ஒருநாளும் வரவில்லை. பள்ளி வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்று டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். சவாரி பல்கலைக்கழகம் வரை என்றால் ஒரு தெரு முன்பே இறக்கிவிட்டுவிடுவார். என் கையால் மண் போட்டிருக்கிறேன், வேறெதையும் பார்க்க வேண்டாம் என்பதே அவர் பேச்சு. நான்காமாண்டின் நடுவில் ஒரு மதியம், யாருக்கும் சொல்லாமல் காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். நூலகத்தின் கோடி மேசையில் ஸர்மத் உட்கார்ந்திருந்தான். மூன்றாமாண்டு மண்ணியல் புத்தகம் திறந்திருந்தது. முப்பத்தெட்டு வாங்கிய அந்தப் பழைய கேள்வித்தாளை மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். விடை சரியாக வரும், அழித்துவிட்டு மறுபடி போடுவான். ஹிக்மத் தூணுக்குப் பின்னால் நின்று, ஜெனரேட்டர் நிற்கும்வரை பார்த்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஸர்மத் அம்மா, அவன் களைச்சுப்போயிருக்கான்," என்றார்.

களைப்பெல்லாம் அவர்களுக்கு இல்லை, வியர்ப்பதுகூட இல்லை என்றாள் நிதால்.

"நான் முப்பது வருஷம் பிள்ளைங்க மூஞ்சியப் பாத்தவன். தெரியாம முழிக்கிறவனத் தெரியும், தெரிஞ்சும் அடி வாங்கினவனத் தெரியும். விட்டுடு அவன."

"நீங்க ஒருதடவ விட்டுட்டு வந்தீங்க. என்னால முடியாது."

அதன்பிறகு அந்த வீட்டில் உப்புப் போதுமா, மின்சாரம் வந்ததா என்பதைத் தவிர வேறு பேச்சு நடக்கவில்லை.

வசந்த காலத்தில் கஸ்வானைப் பாலத்தின்மேல் காரில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். யார் என்று தெரியவில்லை. தேறவைக்கச் சொன்னவர்கள் என்றும், ஆள் மாறிவிட்டது என்றும் இருவிதமாகப் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கமான நேரத்துக்குச் சாக்குக்கட்டியோடு வந்து, அடித்தளங்களின் தாங்குதிறன் பற்றி விட்ட இடத்திலிருந்து நடத்தினார். இறுதியாண்டில் அந்தப் பாடத்துக்கும் அவர்தான் ஆசிரியர். தேர்வு முடிந்ததும் நிதால் அவருடைய அறைக்குப் போய், முன்பு கேட்டதையே கேட்டாள். முன்பு நடந்தது நினைவிருக்கும் அடையாளம் எதுவும் அவர் பார்வையில் இல்லை. விடைத்தாளை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

"தொண்ணூத்தாறு, மேடம். நாலாவது கேள்வியில அலகு எழுத மறந்துட்டான். அதுக்குத்தான் நாலு குறைச்சேன். மத்தபடி நல்ல பையன்."

அவள் கெஞ்சினாள். தரையில் உட்கார்ந்து அவர் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் அடுத்த தாளை எடுத்துத் திருத்தத் தொடங்கியிருந்தார். செத்துப்போனவரை மிரட்டவும் முடியாது, அவரிடம் இரக்கத்தைக் கேட்கவும் முடியாது. அந்த அறையிலிருந்து எழுந்து வந்தபோது அவள் முழங்காலில் சாக்குக்கட்டித் தூள் ஒட்டியிருந்ததைப் பலர் பார்த்தார்கள்.

பட்டமளிப்பு விழாவுக்கு ஹிக்மத் தன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு அணிந்து வந்தார். அது தோளில் தொளதொளத்தது. நிதால் ஊழியர்கள் வரிசையில் நின்றாள். கட்டடப் பொறியியல், முதல் வகுப்பு, ஸர்மத் ஹிக்மத் என்று பெயர் வாசித்தார்கள். அவன் மேடையேறிச் சான்றிதழை வாங்கி, அதில் தன் பெயரைச் சரிபார்த்தான். பிறகு சிரித்தான். மூன்று ஆண்டுகளில் அவன் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. நிதால் மேடையின் மறுபக்கம் ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஹிக்மத் அங்கே படிக்கட்டில் உட்கார்ந்து, கறுப்பு அங்கியை மடியில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டையைப்போலக் கைகளை உள்பக்கம் மடக்கி மடித்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குமாஸ்தா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அங்கியை அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் ஊரில் குண்டுகள் நிற்கவில்லை. சந்தையில் வெடித்தது, பேருந்தில் வெடித்தது, மறுபடி வாசலிலும் வெடித்தது. சில வகுப்புகளில் சரிபாதிப் பேர் செத்தவர்களாக இருந்தார்கள். நீலப் புத்தகம் ஆண்டுதோறும் வந்தது; அதில் மாணவர் எண்ணிக்கை குறையவே இல்லை. பாக்தாத்திலிருந்து வந்த அதிகாரிகள் வகுப்பு வகுப்பாக எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். நிதாலுக்கு ஓய்வுபெறும் வயது வந்தும் போகச் சொல்ல யாருமில்லை.

பின்னொரு குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிராமத்துப் பெண் ஒருத்தி சாப்பாட்டுத் தூக்கோடு அவள் அறைக்கு வந்தாள். முந்தைய வாரம் பேருந்தில் செத்த பெண்ணின் தாய். மகளுக்கு மருந்தியல், முதலாமாண்டு. வெளியே யாரோ இங்கே கேட்கச் சொன்னார்களாம். நிதால் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ரெண்டாவது மாடி, கடைசி அறை. எட்டரைக்கு வந்துடுவாங்க. சாப்பாடு வேணாம்மா, தொட மாட்டாங்க. கையப் புடிச்சு இழுக்காதீங்க."

அந்தப் பெண் தலையாட்டினாள். எத்தனை வருஷம் வருவாள் என்று கேட்டாள். மருந்தியல் ஐந்து வருஷம் என்றாள் நிதால். அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு தந்திரமான ஆசை வந்தது.

"அவ படிப்புல மந்தம்மா. பள்ளிக்கூடத்துலயே ரெண்டு தடவ ஒரே வகுப்புல உக்காந்து எந்திரிச்சா."

"இங்க வந்தப்புறம் எல்லாரும் நல்லாப் படிக்கிறாங்க," என்றாள் நிதால்.

அந்தப் பெண் தூக்கை மேசைமேலேயே வைத்துவிட்டுப் படியேறிப் போனாள். நிதால் தொலைபேசியை எடுத்து, அன்றைய வருகையைத் துறை துறையாகக் கேட்கத் தொடங்கினாள். எல்லோரும் வந்திருந்தார்கள்.