வளையத்தின் நடுவில் மாடு

1

"இழுங்கடா! இன்னும் ஒரு மொழம்தான்—"

"இழுத்தா வராதுண்ணா, நான் சொல்றதக் கொஞ்சம்—"

"வாய மூடு மேரி! பன்னெண்டு ஆளு இழுக்கறோம், வராம எங்க போவுது?"

"நூறு பேரு இழுத்தாலும்—"

இந்தச் சண்டை காதில் விழுந்த பிறகுதான் எனக்குக் கதை வந்தது. 1944இல் பி.எஸ்சி. படித்த ஒருத்தியின் பௌதிக நோட்டு, பழைய தாள்களோடு என் கைக்கு வந்திருந்தது. மின்னூட்டம் பெற்ற வளையம். அதன் அச்சில் ஒரு புள்ளி. அங்கே மின்புலம் எவ்வளவு? கணக்கின் ஓரத்தில் பென்சிலால் ஒரே சொல்: 'மாடு.' மற்றதெல்லாம் என் பொறுப்பு.

2

பொம்மிடிக்குக் கிழக்கே, வானம் பார்த்த அந்தப் பூமியில்...

(வேண்டாம். மாடு தொங்கும்போது வானத்தைப் பற்றி என்ன பேச்சு?)

சவுரியப்பனின் சினைமாடு கிணற்றில் விழுந்துவிட்டது. அவனுக்கு இருப்பதே அந்த ஒரு மாடு. வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்து, முதுகுக்கு மேல் முடிச்சுப் போட்டாயிற்று. அந்த ஊர் வழக்கப்படி அந்த முடிச்சில் வீட்டுக்கு ஒரு கயிறு, ஒரு ஆள். கிணற்றைச் சுற்றி நின்றுதான் இழுக்க வேண்டும். எந்த வீடும் விட்டுப்போகக் கூடாது. பாதிக் கிணறு வரைக்கும் மாடு சுலபமாக வந்தது. முடிச்சு விளிம்புக்கு வந்ததும் நின்றுவிட்டது. உடம்பு இன்னும் உள்ளேதான். பன்னிரண்டு கயிறுகளும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டன.

காலேஜ் லீவுக்கு வந்திருந்த அவன் தங்கை சகாயமேரிக்கு அதைப் பார்த்ததும் நோட்டில் இருந்த அந்த வளையக் கணக்கு நினைவுக்கு வந்தது.

(நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை. மூன்று முறை எழுதி எழுதி அடித்தேன். பிறகு தோன்றியது: பரீட்சையில் அவளைக் கவிழ்த்ததே அந்தக் கணக்குதான். வளையத்தைத் துளித்துளியாக நறுக்கி, ஒவ்வொரு துளியின் புலத்தையும் ராகி அளப்பதுபோல மேலுக்கு மேல் கூட்டிவிட்டாள். திசையை மறந்தாள். தப்பாய்ப் போட்ட கணக்கு, குளிக்கப் போனாலும் கூடவே வரும்.)

3

ஒரு துளியின் புலம் சாய்ந்து நிற்கும். அதை இரண்டு பங்காக்க வேண்டும்: பக்கவாட்டில் ஒன்று, அச்சின் வழியே ஒன்று. எதிரில் இருக்கும் துளி, பக்கவாட்டுப் பங்கைத் தின்றுவிடும். வளையம் முழுக்கத் தொகையிட்டால் அச்சின் பங்கு மட்டும் மிஞ்சும். புள்ளி வளையத்தின் நடுவுக்கே வந்துவிட்டால் அதுவும் மிஞ்சாது. பூச்சியம்.

(கயிறு மின்புலம் அல்ல, தூரம் கூடினால் அதன் பலம் குறையாது. வாத்தியார்கள் பொறுத்துக்கொள்ளவும். ஒன்றையொன்று தின்பது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.)

"அண்ணா, நீ யாரை இழுக்கற?"

"மாட்டதான். கண்ணு தெரியல?"

"எதிர்ல நிக்கற காளியண்ணன இழுக்கற. அவரு ஒன்ன இழுக்கறாரு. மாட்ட ஒருத்தரும் இழுக்கல."

"அப்ப அது என்ன, செபம் பண்ணித் தொங்குதா?"

காளியன் சிரித்துவிட்டார். மாடு ஒரு சாண் இறங்கிக் கத்தியது.

"இந்த நேரத்துல சிரிக்க வெக்காதப்பா!" என்றார் அவர்.

"தொங்கறதுக்குப் பத்துது, ஏர்றதுக்குப் பத்தல" என்றாள் மேரி. "மேல புளியங்கெள இருக்குது. ஆறு பேரு கவுத்த அதும்மேல போட்டு ஒரே பக்கமா இழுங்க. அப்பத்தான் இழுக்கறது மொத்தமும் மேல போவும்."

"ஆறு பேரு வுட்டா, மீதி ஆறு பேரு தாங்குவாங்களா?"

"கொஞ்ச நேரம் தாங்கோணும்."

"எவ்வளவு நேரம்? ஒன் கணக்குல அது இருக்குதா?"

இருக்கவில்லை.

4

ஒரு முடிவு எழுதினேன்: கிளை தாங்கியது, மாடு மண்ணில் கால் ஊன்றியது. எனக்கே இனித்தது, அதனால் அடித்தேன். இன்னொன்றில் மீதி ஆறு பேரின் கை நழுவி, மாடு தண்ணீரில்... அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்குமுன் ஒரு கயிற்றைக் கையில் பிடித்துப் பாருங்கள்.

அதற்குமேல் எனக்குக் கேட்டது ஒரே ஒரு குரல். மேரி புளியங்கிளையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, விளிம்போரமாக நடந்து அண்ணன் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் உள்ளங்கை தோலுரிந்து, கயிறு சிவந்திருந்தது.

"அண்ணா, மொதல்ல நீ வுடு."