எக்கோ பெடல் ஆராய்ச்சி

உலகின் கிறிஸ்தவ வழிபாட்டு ராக் ஆல்பங்கள் அனைத்தும், கிட்டார் ஒலியை எதிரொலிக்க வைக்க காலால் அமுக்கும் ஒரே எக்கோ பெடலுக்குப் பிறந்தவை என்பது தம்பியின் ஆராய்ச்சி முடிவு.

"ஸ்டேடியம் ராக்கைக் காப்பியடிச்சு, நடுவுல கர்த்தரை உட்கார வச்சிருக்காங்க" என்பான்.

அக்கா பாடும் முதல் வழிபாட்டு ஆல்பத்தில் கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. கிட்டார் வாசிப்பவருக்குக் காய்ச்சல். ஸ்டுடியோவோ ஐந்து மணி வரைதான்.

"ஆராய்ச்சியாளரே, வந்து வாசிங்க" என்றாள்.

"வாசிக்கிறேன். பெடலைத் தொட மாட்டேன்."

அக்காவின் குரல் உயர உயர, அவன் கிட்டார் தகர டப்பாவாகக் கீழேயே கிடந்தது. இரண்டு முறை பாடிப் பார்த்து நிறுத்தினாள்.

"பரவால்லடா, இந்தப் பாட்டை விட்டுடலாம்."

மணி நாலே முக்கால்.

"இன்னொரு தடவை பாடுக்கா" என்றவன், அவள் கண்ணை மூடியதும் காலை மெல்ல நீட்டிப் பெடலை அமுக்கினான்.