விளிம்பில் இரண்டு தழும்பு

வெர்னாவின் சின்னக் கைத்துப்பாக்கியைப் பற்றி அந்த வட்டாரத்தில் ஒருவரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. 'இருபத்திரண்டு' என்கிற சின்னத் தோட்டா ரகம், உள்ளங்கையில் அடங்கிவிடும். கோழிக்கூண்டுக்கு முட்டை திருட வரும் ரக்கூன்களுக்காக, மரநாய் மாதிரிப் பிராணிகளுக்காக, வாங்கியது. மலிவுத் தோட்டா போட்டால் துப்பிவிடும், விலை கூடியதைப் போட்டால் விக்கிக்கொள்ளும். பாதி நேரம் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். ரக்கூன் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு முட்டை தின்னப் போய்விடும். இந்த ரகத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அடித்த இடத்தில் மருந்து இல்லாவிட்டால் வெடிக்காது. அப்போது தோட்டாவை வெளியே எடுத்து, கொஞ்சம் திருப்பிப் போட்டு, மறுபடி அடித்துப் பார்ப்பார்கள். நெப்ராஸ்காவில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் இது தெரியும்.

அன்று காலை அவள் கணவன் ஹார்லன் காபியைக்கூடத் தொடாமல் சொன்னான்.

"அந்தச் சனியன ஓட்டிஸ்கிட்ட குடுத்துச் சரி பண்ணிட்டு வா. சும்மா டிக்கு டிக்குங்குது."

வெர்னாவுக்கு அப்படியொரு சந்தோஷம். மழை பொய்த்து, குளிர்காலத்தில் மாடுகளையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பியதிலிருந்து அந்த மனிதன் வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சோறு தண்ணியும் அவள் திட்டினால்தான் இறங்கும். இன்றைக்கு ஒன்றைச் சரி பண்ணச் சொல்கிறானே! துப்பாக்கியைத் துண்டில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகிற வழியெல்லாம் பாடிக்கொண்டே போனாள்.

துப்பாக்கிக் கடை ஓட்டிஸ் ஹார்லனோடு ஒன்றாகப் படித்தவன். அவளைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டான்.

"வாம்மா வெர்னா! இன்னுமா இந்த விளையாட்டுச் சாமான வச்சிட்டிருக்க? ரக்கூன்மேல தூக்கி எறி, அதாவது படும்."

"உன் கடையில வாங்கினதுதான்யா. விக்கறப்ப இந்த வாய் எங்க போச்சு?"

ஓட்டிஸ் சிரித்துக்கொண்டே துப்பாக்கியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, தோட்டா அடுக்கும் மேகசினை உருவினான். காலி. மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தான். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி விழுந்து மேசைமேல் உருண்டது.

"அடப்பாவிகளா, குண்டோடயா குடுத்தனுப்பினான்? ஒண்ணுக்கு மூணு தடவை உள்ள பாத்துட்டு வைக்கறவனாச்சே ஹார்லன்!"

வெர்னா தோட்டாவை எடுத்துப் பார்த்தாள். விளிம்பில் ஊசி பட்ட தழும்பு இருந்தது. நேர் எதிர்ப்பக்கம் இன்னொன்று.

"மெனக்கெட்டுத் திருப்பிப் போட்டு அடிச்சிருக்கான்," என்றான் ஓட்டிஸ். "ஊசி தேஞ்சுபோச்சு. புதுசு மாத்திட்டா அப்புறம் தப்பவே தப்பாது. ஆமா, கோழிங்களத்தான் மாடு போனப்பவே குடுத்துட்டீங்களே? எதச் சுட்டான்?"

கேட்டு முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

வெர்னா தோட்டாவைக் கைக்குள் மூடிக்கொண்டாள். காலிக் கூண்டுக்கு எந்த ரக்கூனும் வராது. அந்த வீட்டில் இருக்கும் உயிர் இரண்டே இரண்டு.

"ஒரு தடவை இல்ல ஓட்டிஸ். ரெண்டு தடவை." நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் பாடிக்கிட்டே வந்தேன்யா. இதச் சரி பண்ண பாடிக்கிட்டே வந்தேன்."

ஓட்டிஸ் துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டினான். கடை வாசல் பலகையை 'மூடியுள்ளது' பக்கம் திருப்பிப் போட்டான்.

"வீட்ல வேற என்ன இருக்கு?"

"மான் சுடற ரைபிள் ரெண்டு."

"அவன் மனசு தெளியறவரைக்கும் ரெண்டும் என்கிட்ட இருக்கட்டும். எந்திரி, நானும் வரேன்."

"அவர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"உள்ளதச் சொல்லு. இதுக்குப் போயி பொய் சொல்லுவாங்களா?"

இருவரும் வீட்டுக்குள் நுழைந்தபோது ஹார்லன் ஜன்னலோரம்தான் இருந்தான். முதலில் அவள் கையைத்தான் பார்த்தான்.

"சரி பண்ணிட்டானா?"

தோட்டாவை அவன் முன்னால் வைத்தாள்.

"பாத்துட்டேன். கோவப்படு, கத்து, என்ன வேணா பண்ணிக்கோ. ரைபிள் ரெண்டும் ஓட்டிஸோட போகுது. நாளைக்கு நாம டாக்டர்கிட்ட போறோம். நீ இல்லாம நான் இந்த வீட்ல என்னய்யா பண்ணுவேன்?"

அவன் மறுக்கவில்லை. கழுத்துவரை சிவந்து, நண்பனின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். ஓட்டிஸ் ரைபிள்களைச் சுவரிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி வண்டியில் கொண்டுபோய் வைத்தான். இரண்டாவதை அவன் வைத்துக்கொண்டிருந்தபோது ஹார்லன் எழுந்து, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாகக் கொட்டகைக்கு நடந்தான்.

கொட்டகைக் கதவு உள்ளே சாத்தப்பட்டது.

"ஹார்லன்!"

வெர்னா செருப்புகூட இல்லாமல் புழுதியில் ஓடினாள். ஓட்டிஸும் ஓடிவந்தான். அவள் பாதி முற்றம் தாண்டுவதற்குள் கதவு திறந்தது. ஹார்லன் நின்றிருந்தான். கையில் தீவனச் சாக்கில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று.

சாக்கைப் பிரித்தான். பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. அவள் கண்ணால்கூடப் பார்த்திராதது. குழலைத் தரைப்பக்கம் மடக்கி, உள்ளேயிருந்த இரண்டு குண்டுகளையும் உருவி ஓட்டிஸிடம் கொடுத்தான்.

"இது உனக்குத் தெரியாது," என்றான் வெர்னாவிடம். "வைக்கோலுக்குள்ள வச்சிருந்தேன். இதையும் கொண்டுபோகச் சொல்லு."

அவள் வாங்கப் போனாள். அவன் பிடியை உடனே விடவில்லை. இருவரும் அதைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு விட்டான்.

"டாக்டர் ரூமுக்குள்ள நீயும் வருவியா?" என்று கேட்டான்.