அடி இல்லாத காளான்

முடிதிருத்தும் மைத்துனர் கொண்டுவந்த காட்டுக் காளான் ஒரு படைக்கே விருந்து வைக்கும் அளவுக்கு இருந்தது. மனைவி இறந்துபோனதிலிருந்து பேருந்து ஓட்டுநருக்குப் பசியும் தெரியவில்லை, பயமும் தெரியவில்லை. வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

"அடித்தண்டு எங்க மாப்ளே?"

"மண்ணு ஒட்டும்னு கத்தரியால மட்டமா வெட்டிட்டேன் மாமா. கிராப்பு எப்படி?"

"கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு. உங்கக்கா தோண்டித்தான் எடுப்பா. அடியில பை மாதிரி இருந்தா விஷம்னு சொல்லுவா. அடியே தெரியலன்னா குப்பைக்குத்தான்."

"பையா? நான் எங்க பாத்தேன்..."

வெள்ளைக் குடைகள் எல்லாம் ஒரே வயிற்றில் பிறந்தவை போல இருந்தன. தின்றால்தான் என்ன என்று ஓட்டுநருக்குத் தோன்றியது. அந்த நினைப்பும் அவரை ஒன்றும் செய்யவில்லை. அதற்குள் மைத்துனர் தனக்கும் சேர்த்து இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார். இரண்டாவது தட்டைப் பார்த்ததும் ஓட்டுநரின் கை அடுப்பை அணைத்தது.

கூடை மொத்தமும் குப்பைக்குப் போனது. உலகமே அழிந்துவிட்டதுபோல் முனகிக்கொண்டே மைத்துனர் முட்டை பொரித்தார். ஓட்டுநர் ஒரு வாய் வைத்தார்.

"உப்பு இல்ல மாப்ளே."

அக்கா போனபிறகு மாமா சொன்ன முதல் குறை. மைத்துனர் உப்பு டப்பாவோடு பறந்து வந்தார்.