பத்துப் பேரும் வந்தாச்சு

“ஒண்ணு!”

ஓட்டுநர் இருக்கையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். வண்டிப் படியில் ஒரு காலை ஊன்றி, ஈரத் துண்டு மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அக்கா நோட்டில் முதல் டிக்கைப் போட்டாள். மணி நான்கு பத்து. நான்கு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு.

“ரெண்டு” என்றாள் அண்ணி, கொட்டாவியோடு.

“மூணு நான். நாலு?”

பின்னால் ஒரு நொடி சத்தமே இல்லை. நடு வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையில் காற்றடைத்த மிதவை வளையங்கள் கூரை வரை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அப்பாலிருந்து மூக்கால் பேசுவது போல ஒரு குரல் வந்தது.

“நான்காம் தளம். கதவு திறக்கிறது.”

பிள்ளைகள் கெக்கலி கொட்டினார்கள். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு டிக் போட்டாள். ஐந்து, தம்பி மனைவி. வண்டி ஏறினாலே அவளுக்குத் தலை சுற்றும். நடு வரிசை ஜன்னலில் சாய்ந்து, முகத்தில் ஈரக் கைக்குட்டையைப் போட்டிருந்தவள், ஐந்து விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள். பிறகு ஆறிலிருந்து பத்து வரை அண்ணன் பிள்ளைகளும் அக்காவின் மகளும் கத்தித் தீர்த்தார்கள்.

“பத்துப் பேரும் வந்தாச்சு. எடுங்க அண்ணே.”

“உத்தரவு அக்கா” என்றார் அண்ணன்.

அவரைவிட நான்கு வயது சின்னவள் அவள். ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அக்காதான். மருந்துக் கிடங்கில் சரக்கு சரிபார்க்கிற வேலை அவளுக்கு. பெட்டியைத் திறக்காமல் உள்ளே எத்தனை என்று எழுதியவர்களை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறாள். இரண்டு கோடை விடுமுறைக்கு முன்னால், ரயில் நிலையத்தில் அண்ணன் மகனைத் தண்ணீர்க் குழாயடியில் விட்டுவிட்டு எல்லோரும் ரயிலேறியதிலிருந்து இந்த எண்ணும் வழக்கம். வயது வரிசைப்படி எண். எண்ணைச் சொல்லாமல் வண்டி நகராது. தாமதமாக வந்தவருக்கு ஊர் திரும்பும் வரை அர்ச்சனை உண்டு.

அந்த அர்ச்சனையை அதிகம் வாங்குகிறவன் தம்பி. மின்தூக்கி பழுது பார்க்கிறவன், அண்ணன் பிள்ளைகளுக்கும்கூட லிஃப்ட் மாமா. தன் எண் வரும்போதெல்லாம் மின்தூக்கிக்குள் பேசும் பெண்ணின் குரலில்தான் பதில் சொல்லுவான். பத்து நாள் விடுமுறைக்குள் ஐந்து பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். மிருகக்காட்சிசாலையில் குரங்குக் கூண்டுக்கு முன்னால் நின்று ஐந்து பேரும் ஒரே குரலில் கதவைத் திறந்து மூடியதில், குரங்குகளே அலுத்துப்போய் உள்ளே போய்விட்டன.

நீச்சல் குளத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு வந்து, பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தூங்க ஆரம்பித்த நேரம், அக்காவின் கைபேசி அடித்தது. திரையில் ‘தம்பி’ என்றிருந்தது.

“கொழுப்பாடா உனக்கு? பின்னாடி உக்காந்துக்கிட்டு ஃபோன் பண்றியா?”

“அம்மா...” என்றது ஒரு கிழட்டுக் குரல். “நான் குளத்துல காவலுக்கு இருக்கறவன் பேசறேன். இந்த ஃபோன்காரர் உங்களுக்கு யாரும்மா?”

அக்கா சிரித்தபடியே இருந்தாள். முகம் அப்படியே இருந்துவிட்டது என்பதுதான் சரி. திரும்பி மண்டியிட்டு, மேலே இருந்த மிதவையைப் பிடித்து இழுத்தாள். அது நழுவி தம்பி மனைவியின் மடியில் விழுந்தது. கடைசி வரிசையில் ஐந்து தலைகள் இருந்தன. மறுபடி எண்ணினாள். ஐந்து.

“அண்ணே, வண்டிய நிறுத்துங்க.”

“என்னாச்சு, யாருக்காவது வாந்தியா?”

“நிறுத்துங்க!”

மணி நான்கு முப்பத்தைந்து. அதையும் பார்த்தாள். அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றியதே என்று பிறகு அவளுக்கே அவள்மேல் அருவருப்பாக இருந்தது.

*

அவர்கள் குளத்துக்குத் திரும்பிப் போய்ச் சேர்வதற்குள், விழுந்து கிடந்தவனை ஆம்புலன்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தது. பிள்ளைகளை வீட்டில் விட அண்ணியும் அண்ணனும் வண்டியோடு போனார்கள். தாழ்வாரத்தில் அக்காவும் தம்பி மனைவியும் மட்டும் நின்றார்கள். தம்பி மனைவியின் கையில் இன்னும் அந்த ஈரக் கைக்குட்டை இருந்தது.

மருத்துவர் இளம்பெண். முப்பத்து மூன்று வயதா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

“இதயம்தான். இங்க வரும்போதே உயிர் இல்லை. கூட யாராவது இருந்தீங்களா?”

தம்பி மனைவி அக்காவைப் பார்த்தாள்.

“எவ்வளவு நேரம் தனியா இருந்தார்?”

“இருபத்தஞ்சு நிமிஷம்” என்றாள் அக்கா. “அதுக்குள்ள எப்பவோ.” பிறகு, “உடனே கொண்டு வந்திருந்தா?”

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள். “காப்பாத்தியிருக்கலாம்னு என்னால சொல்ல முடியாதுங்க. முடியாதுன்னும் சொல்ல முடியாது.”

அவள் போன பிறகு தம்பி மனைவி பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. தரையிலிருந்த ஓர் ஓட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளும்மா.”

“எண்ணினீங்கல்ல?”

“எண்ணினேன்.”

“நான் கண்ணத்தான் மூடியிருந்தேன், தூங்கல. அவர் சொன்னது காதுல விழுந்துச்சு. பசங்களோட உக்காந்துட்டாரு, வீடு போற வரைக்கும் நம்மள தொந்தரவு பண்ண மாட்டாருன்னு நெனச்சேன்.” கைக்குட்டையை மடித்துக்கொண்டே, “சந்தோஷமாக்கூட இருந்துச்சு” என்றாள்.

அக்காவுக்கு அந்தக் குரல் இப்போது மறுபடி கேட்டது. அவன் சொல்லும்போது ‘தளம்’ என்பதில் ஒரு கரகரப்பு இருக்கும். இன்றைக்குக் கேட்டதில் அது இல்லை. மெலிசாக, சுத்தமாக இருந்தது. எட்டு வயதுப் பெண்ணின் தொண்டை அது. ஐந்து பேரில் யார் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற காது ஏமாறாது. அல்லது அப்போதே தெரிந்துதான் டிக் போட்டோமோ? பத்து நிமிடத் தாமதத்தில், எல்லாம் சரியாக இருந்தால் போதும் என்று கை தானாகப் போய்விட்டதோ?

“என் தப்பும்மா” என்றாள். “நான் தப்பா எண்ணிட்டேன்.”

தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “நீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

*

அக்கா வீடு திரும்பியபோது மணி ஆறரை. வெளிச்சம் இன்னும் இருந்தது. வாசலில் வண்டியின் கதவு திறந்தே கிடந்தது. மிதவைகளை யாரும் இறக்கவில்லை. உள்ளே பிள்ளைகளுக்கு அண்ணி எதையோ கொடுத்துச் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கு பேர்தான் இருந்தார்கள்.

“வாண்டு எங்க?”

“குளியலறையில. அரை மணி நேரமா கால் கழுவறா.”

மகள் குழாயடியில் குந்தியிருந்தாள். விரலிடுக்கில் அழுக்கு எதுவும் இல்லை. ஆனாலும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கதவைச் சாத்தி, குழாயை மூடினாள்.

“அம்மா, மாமா செத்துட்டாரா?”

“ம்.”

“நெஜமாவா, இல்ல சும்மா ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்களா?”

“நெஜமாத்தான்டா.”

மகள் தலையை ஆட்டினாள். வகுப்பில் பாடம் புரிந்தது போல ஆட்டினாள். பிறகு வேகவேகமாகச் சொன்னாள்.

“என் நீச்சல் கண்ணாடிய அங்கயே விட்டுட்டேன். மாமாகிட்ட சொன்னேன். நான் எடுத்துட்டு வரேன்னாரு. உங்கம்மா நோட்டைத் தூக்கிட்டா, லேட்டுன்னா என்னைத் தொலைச்சிடுவா, எனக்கு பதிலா நீ சொல்லிடுன்னாரு. ஓடி வந்து முன்னாடி பெரிய மாமாகூட ஏறிக்கறேன்னாரு. நான் சொன்னேன். அப்புறம் வண்டி கெளம்பிடுச்சு. முன்னாடி ஏறிட்டாருன்னு நெனச்சேன். வளையம் மறைச்சுதும்மா, எனக்குத் தெரியல.”

அண்ணன், அவன் பின்னால் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். பின்னால் இருந்தவள், அவன் முன்னால் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். நடுவில் நோட்டும் பேனாவுமாக நின்றவள் ஒருத்தி. கிடங்கில் பெட்டியைத் திறக்காமல் எழுதியவர்களிடம் அவள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: ‘கண்ணால பாத்தியா?’ அதை இப்போது அவளிடம் கேட்க ஆள் இல்லை.

ஓடி வருகிறேன் என்றிருக்கிறான். அவளுக்குப் பயந்து அந்த வெயிலில் ஓடியிருக்கிறான்.

அவள் சொல்ல வேண்டியது எத்தனையோ இருந்தது. உன் தப்பு இல்லை என்று சொல்லியிருக்கலாம். மடியில் போட்டு அழுதிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு.

“இத யார்கிட்டயும் சொல்லாத.”

“சின்ன அத்தைகிட்ட?”

“யார்கிட்டயும்தான். அத்தைகிட்ட சொல்லவே கூடாது.”

“கேட்டா பொய் சொல்லணுமா?”

“சொல்லாம இருந்தா போதும். அம்மா பாத்துக்கறேன்.”

மகள் அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து, குழாயைத் திறந்து, மறுபடியும் காலை நீட்டினாள்.

*

மறுநாள் பதினோரு மணிக்கு உடலைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது மணிக்கே கூடம் நிறைந்துவிட்டது. அவனோடு வேலை பார்த்தவர்கள் ஆறு பேர் சீருடையிலேயே வந்து, உட்காரத் தயங்கிச் சுவரோரம் நின்றார்கள். அதில் ஒருவர், “ரெண்டு மாசம் முன்னாடி இருபது மாடி படியேறினான், என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டே ஏறினான்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி மனைவி கூடத்து மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டுத்தான் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அருகில் போனால் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

எதிர்வீட்டு அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்துவதாக நினைத்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

“விட்டுட்டே வந்துட்டீங்களாமே?”

“ஆமா. நான்தான் தப்பா எண்ணிட்டேன்.”

“அதெப்படி உன் தப்பாகும்?” அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். “குரல் வந்துச்சு. என் காதால கேட்டேன். அவன் குரல்தான். அவன் குரல்தானே அது?” என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். “இல்லன்னா யாரு பேசினது?”

“அண்ணே, விடுங்க. இப்ப எதுக்கு?”

“இல்ல, யாரு பேசினது?”

பிள்ளைகள் இருந்த அறையின் வாசலை அக்கா பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். பார்த்துவிட்டாள். மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நேற்றுப் போட்ட அதே சட்டை. மாற்ற மாட்டேன் என்று அடம்பிடித்திருந்தாள்.

அண்ணி வந்து அண்ணனைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. அக்கா அடுப்படிக்குப் போய், தண்ணீர்த் தம்ளர்களை ஒரு தட்டில் அடுக்கினாள். எல்லாவற்றையும் பாதிதான் நிரப்பினாள். தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது, கதவு நிலையில் மகள் இல்லை.

அவள் கூடத்தைக் கடந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களுக்கு நடுவில், யாரையும் மிதிக்காமல், கவனமாக அடி வைத்துப் போனாள்.

“ஏய்...” என்றாள் அக்கா. அவள் திரும்பவில்லை.

மகள் பாயின் ஓரத்தில் மண்டியிட்டாள். தம்பி மனைவி முகத்தைத் திருப்பினாள். மகள் அவள் காதருகே குனிந்தாள். மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மகளின் வாய் அசைவதும், நிற்பதும், மறுபடி அசைவதும் மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் பேசினாள். அக்கா தட்டோடு அடுப்படி வாசலிலேயே நின்றாள். ஒருவர் எழுந்து வந்து ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு போனார். இன்னொருவரும் எடுத்தார். தம்பி மனைவியின் முகத்தில் எதுவும் மாறவில்லை. எதுவுமே மாறவில்லை என்பதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

மகள் பேசி முடித்துவிட்டு, அடிக்கப்போகிறவர்கள் முன்னால் நிற்பது போலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

தம்பி மனைவி கொஞ்சம் நகர்ந்து, சுவரோரம் இடம் விட்டாள். மகள் கண்ணைத் திறந்து, அந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு, நேற்றுச் சாயங்காலத்திலிருந்து நிமிர்ந்தே இருந்த தம்பி மனைவி மெல்லச் சரிந்து, தலையை அந்தச் சின்னத் தோளில் வைத்தாள். அவள் முதுகு குலுங்கத் தொடங்கியது.

மகள் இரண்டு கைகளையும் பாயில் ஊன்றிக்கொண்டாள். சரிந்துவிடாமல் இருக்க, முழங்கைகள் விறைக்க ஊன்றி, நேராகப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வாசலில் மருத்துவமனை வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டு எல்லோரும் எழுந்தபோதும் அவள் அசையவில்லை.