இலக்கியாவின் சம்மதம்

நாலு நாடுகள் மல்லுக்கு நிற்கின்றனவாம். ஆசியாவிலுள்ள பெண்கள் அணிகளெல்லாம் மோதுகிற கால்பந்துப் போட்டியை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் ஜாம்ஜாமென்று நடத்துகிறோம் என்று ஆளுக்கொரு புத்தகம் போட்டு அனுப்புகிறார்கள். மைதானம், ஓட்டல், விமான நிலையம் என்று பக்கத்துக்குப் பக்கம் படம். நம் நாட்டுப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் யார் படம் வரப்போகிறது தெரியுமா? அரியலூரிலிருந்து விக்கிரமங்கலம் போகிற வழியில், முந்திரிக்காட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு ஊரின் இலக்கியா படம். செத்து மூன்று வருஷமான பெண்ணின் படம்.

சென்னையிலிருந்து சண்முகப்பிரியா என்கிற கால்பந்துச் சங்க அதிகாரி பேசியபோது பி.டி. டீச்சர் வளர்மதி பள்ளிக்கூட மைதானத்தில் விசிலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், பெரம்பலூர் கிரவுண்ட்ல நீங்க எடுத்த போட்டோ செலக்ட் ஆயிருக்கு. 'எங்கள் பெண்கள் பயமில்லாமல் ஓடும் நாடு'ன்னு மேல போடுறோம். வீட்ல ஒரு சம்மதக் கையெழுத்து வேணும். வர்ற சனிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க."

அந்தப் பெண் உயிரோடு இல்லை என்று வளர்மதி சொன்னாள்.  "ஐயோ... அப்ப இன்னும் உருக்கமா இருக்கும் மேடம்" என்று பதில் வந்தது. நாசமாய்ப் போக என்று வளர்மதி மனசுக்குள் திட்டினாள். திட்டியது அவளையா தன்னையா என்று அவளுக்கே புரியவில்லை.

அன்றைக்கும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணினாள். பதினான்கு வந்தது. பதிவேட்டில் பதின்மூன்று பேர்தான். மூன்று வருஷமாக இதே கூத்து. எத்தனை பேர் வந்தாலும் ஒரு தலை கூடுதலாக வரும். திரும்ப எண்ணினால் சரியாக இருக்கும். முதல் தடவை எண்ணிய அந்த ஒன்று யார் என்று அவள் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவ்வளவு பயம்.

காரணம் இல்லாமல் வருமா பயம்? அப்போது பயிற்சி நடந்தது ஊருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன குழிக்குப் பக்கத்துப் பொட்டலில். மற்ற பிள்ளைகள் போன பிறகும் இலக்கியா மட்டும் நின்றாள். வளர்மதி ஓங்கி உதைத்துக் காட்டிய பந்து குழிக்குள் விழுந்தது. "நீதான் வேகமா ஓடுவ, போயி எடுத்துட்டு வாடி" என்று அனுப்பியதும் வளர்மதிதான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பியதும் அவள்தான். மறுநாள் காலை பிணம் மிதந்தபோது, ஐந்து மணிக்கே எல்லாரையும் அனுப்பிவிட்டேன் என்று போலீசிடம் சொன்னாள். ஒரே ஒரு பொய். அதை வைத்துக்கொண்டு ஊர் மிச்சத்தைக் கட்டிவிட்டது. டவுசர் போட்டு ஆடின திமிர், குளிக்க இறங்கியிருக்கிறாள் என்றார்கள். யாரோ ஒரு பையன் பேரையும் சேர்த்துவிட்டார்கள். எல்லாம் வளர்மதி காதில் விழுந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு வளர்மதி போனபோது இலக்கியாவின் அம்மா அம்சவள்ளி முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெரியப்பா நல்லுசாமி கட்டிலில் உட்கார்ந்து படிவத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"அப்ப மேட்ச்சு நம்ம ஊருல நடக்குமா டீச்சர்? உடையார்பாளையத்துல பெரிய மைதானம் கெடக்கே."

"இல்லைங்க. நம்ம நாட்டுக்குக் கெடைக்கவே இன்னும் மூணு நாட்டோட போட்டி."

"சரித்தான். எம் புள்ள படத்தப் பாத்தா குடுத்துருவாங்க. போடு அம்சா கையெழுத்த."

அம்சவள்ளி போடவில்லை. கைப்பேசியில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து காலடியில் இருக்கிறது, இலக்கியாவின் கண் மட்டும் பக்கவாட்டில், படம் எடுத்தவளைப் பார்க்கிறது.

"படம் அவளோடது. அவளக் கேக்காம நான் எப்புடிப் போடுறது?" என்றாள். "வெள்ளிக்கிழம பூவாடை அழைப்போம். அவளே வந்து சொல்லட்டும்."

 கன்னியாகச் செத்த பெண் வீட்டுக்குச் சாமி. அவள்தான் பூவாடைக்காரி. வீட்டில் ஒரு நல்லது நடக்கும் முன்னால் பம்பை அடித்து, தண்ணீர்க்கரையிலிருந்து அழைத்து, புதுத்துணி படைத்து உத்தரவு கேட்பார்கள். அவள் யார் மேலாவது இறங்கிப் பேசுவாள். அதுதான் வம்பு. வந்தவள் படத்தைப் பற்றி மட்டுமா பேசுவாள்?

"நீங்களும் வரணும் டீச்சர்" என்றாள் அம்சவள்ளி. "நீங்கன்னா அவளுக்கு உசுரு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிணற்றடிக்குத்தான் போவார்கள் என்று நினைத்திருந்தாள் வளர்மதி. அம்சவள்ளி நேராகக் குழிக்கு நடந்தாள். "எங்க போனாளோ அங்கருந்துதான் கூப்புடணும்." வெள்ளைக் கல்லை வெட்டிய சுவர்களுக்கு நடுவே தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. வளர்மதி மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தக் கரையில் கால் வைத்தாள். காலுக்கடியில் பாறை குளிர்ந்திருந்தது. ஏப்ரல் வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த பாறை.

தாம்பாளத்தில் பூ, தேங்காய், மஞ்சள். நடுவில் பாவாடை தாவணிக்குப் பதிலாக, ஜெயங்கொண்டத்தில் வாங்கிய புதுப் பனியனும் டவுசரும்.

"ஏம்மா, சாமிக்கு டவுசரா படைப்ப?" என்று முணுமுணுத்தார் நல்லுசாமி.

"அவளுக்கு என்ன புடிக்குமோ அதான். ஊரு பேசுனது பத்தாதா, நீங்களும் பேசணுமா மாமா?"

ஆண்டவர் என்கிற பம்பைக்காரர் கற்பூரம் ஏற்றி அடிக்க ஆரம்பித்தார். எல்லாரும் அம்சவள்ளியையே பார்த்தார்கள். தாய் மேல்தான் இறங்குவாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வளர்மதியும் அவளைத்தான் பார்த்தாள். வராதே தாயே, இன்றைக்கு மட்டும் வராதே என்று கும்பிட்டாள்.

பம்பை வேகம் பிடித்தது. அம்சவள்ளி அசையவில்லை. வளர்மதியின் முழங்கால் இரண்டும் ஆடத் தொடங்கின. நிறுத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. பிடரியில் ஈரக்கை ஒன்று பட்டதுபோல் இருந்தது. கொண்டை அவிழ்ந்து விழுந்தது. நல்லுசாமி "ஆத்தா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"யாரு வந்துருக்கறது?" என்று கேட்டார் ஆண்டவர்.

"இலக்கியா."

"தாயி, ஒம் படத்தப் பொஸ்தகத்துல போட ஆத்தாகிட்ட கேக்குறாங்க. உத்தரவு உண்டா?"

"நான் குளிக்கப் போவல" என்றது வளர்மதியின் வாய். குரல் மெலிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. "எந்தப் பையனையும் பாக்கப் போவல. பந்து விழுந்துருச்சு. டீச்சர் எடுத்தாரச் சொன்னாங்க. போனேன். டீச்சர் பொய் சொல்லிட்டாங்கம்மா."

ஆண்டவரின் கை பம்பை மேல் அப்படியே நின்றது. அம்சவள்ளி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"காலையில தோசக் கரண்டியால அடிச்சியே" என்றது அந்தக் குரல். "அது வலிக்கலம்மா."

அம்சவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். வளர்மதி அவள் பக்கத்தில் சரிந்து விழுந்தாள். ஆண்டவர் ஓடிவந்து நெற்றியில் விபூதி அப்பி, முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

"எறங்கிருச்சு, எறங்கிருச்சு. ஏம்மா, எதாச்சும் ஞாபகம் இருக்கா?"

சாமி இறங்கியவர்களிடம் எப்போதும் கேட்கிற கேள்வி அது. அதற்கு எப்போதும் ஒரே பதில்தான். ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொன்னால் போதும். சொன்னது சாமி, அவளைக் குறுக்கே கேள்வி கேட்க ஒருவருக்கும் துணிச்சல் வராது. நல்லுசாமி இன்னும் கும்பிட்ட கையை இறக்கவில்லை. வழி திறந்துதான் இருந்தது.

"எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றாள் வளர்மதி. "சொன்னது நாந்தாங்க. நாந்தான் அனுப்புனேன். போலீசுல பொய் சொன்னதும் நாந்தான்."

"அந்தக் கரண்டி?" என்றாள் அம்சவள்ளி.

"அது..." வளர்மதியின் பல் கிட்டியது. "அது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது."

"அன்னிக்கு வூட்டுக்குள்ள நானும் அவளும்தான் இருந்தோம். கரண்டியால அடிச்சத நான் இன்னி வரைக்கும் ஒரு உசுருகிட்டயும் சொல்லல."

 வளர்மதியின் கைப்பேசி அடித்தது. சென்னை. எடுக்க ஒருவரும் இல்லாமல் அடித்து ஓய்ந்தது.

"அவ்வளவு பெரிய நாட்டுக்கு அவசரம்" என்றாள் அம்சவள்ளி. நல்லுசாமியின் சட்டைப்பையிலிருந்து படிவத்தை உருவி நாலாக மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு வளர்மதி பக்கம் திரும்பினாள். மூன்று வருஷமாக டீச்சர், டீச்சர் என்று ங்க போட்டுப் பேசியவள் அதை விட்டுவிட்டாள்.

"எவ்வளவு நேரம் நின்ன?"

"பத்து நிமிசம்."

"அப்பறம்?"

"ரோட்டுல பஸ்ஸு வந்துருச்சு. அதுக்கப்பறம் ஏழு மணிக்குத்தான் அடுத்தது. பந்த எடுத்துக்கிட்டு வூட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சு ஏறிட்டேன்."

"கரைக்கு வந்து பாத்தியா?"

"இல்ல."

"பேரச் சொல்லியாச்சும் கூப்புட்டியா? ஒரு தடவ?"

வளர்மதி தலையை ஆட்டினாள். இல்லை. அவளுக்கு அழுகை பீறிட்டது. அம்சவள்ளி அழவில்லை. வளர்மதியின் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, குழியின் விளிம்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நல்லுசாமி பதறிப்போய்த் தடுக்க வந்தார். போங்க மாமா என்று ஒரே பார்வையில் நிறுத்திவிட்டாள்.

"இப்பக் கூப்புடு."

"இலக்கியா" என்றாள் வளர்மதி. சத்தமே வரவில்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கத்துச் சுவர் அதைத் திருப்பிக்கூடக் கொடுக்கவில்லை.

"இன்னும் சத்தமா" என்றாள் அம்சவள்ளி. "பஸ்ஸு போனா போவட்டும்."