வலது காதுக்காரி

டைல்ஸ் கடைக்காரர் படியேறும் சத்தம் கேட்டதுமே அண்ணன் என்னை நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டான். ஆள் வரும்போதெல்லாம் இதுதான் வழக்கம். என் படுக்கையறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் மேசை, கணினி, மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி எல்லாவற்றுக்கும் அந்த நேரத்தில் அவன்தான் எஜமான். நான் காபி கொண்டுவரும் தங்கை.

காரணம் என் இடது காது. சிறுவயதில் வந்த காய்ச்சல் ஒன்று அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனது. ஒரு காதில் வாங்கி மறு காதில் விடும் வசதி எனக்கில்லை. வாங்கியதெல்லாம் உள்ளேயே கிடக்கும். ஆனால் தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் இழைத்து ஒரே பாட்டாக்க, அதாவது மிக்ஸ் பண்ண, மிச்சமிருக்கும் காது எனக்குப் போதும். முதலில் இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்பேன். பிறகு ஹெட்போனைத் திருப்பித் திருப்பி மாட்டி, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாறி மாறி அதே வலது காதுக்குக் கொண்டுவருவேன். நேரம் இரட்டிப்பாகும். ஆகட்டுமே. பாட்டு வெளியாகும்போது 'மிக்ஸிங்' என்ற இடத்தில் அண்ணன் பெயர் இருக்கும். ஒற்றைக் காது என்று தெரிந்தால் ஒருத்தனும் வாசற்படி மிதிக்க மாட்டான் என்பான். கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி. அவன் பயத்துக்கு என் பெயர் ஏன் பலியாக வேண்டும் என்று எனக்கு எரியும்.

அன்று கடைக்காரர் கேட்டுப் பார்க்க வந்தது, அவர் தானே எழுதி, மெட்டமைத்து, பாடிய முதல் பாட்டை. பெண்டாட்டி மேல் எழுதியது. கண்ணை மூடிக் கேட்டார். எல்லாம் பிடித்திருக்கிறது, இரண்டாம் சரணத்தில் மட்டும் புல்லாங்குழல் குரலை மறைக்கிறது, கொஞ்சம் ஒதுக்க முடியுமா என்றார். நியாயமான பேச்சு. அண்ணன் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு எதையோ இழுத்தான். அது எதிரொலியைக் கூட்டும் ரிவெர்ப். கடைக்காரரின் குரல் கிணற்றுக்குள் விழுந்தது. இன்னொன்றை இழுத்தான், கிணறு இன்னும் ஆழமானது.

"எந்திரிண்ணே."

திருதிருவென்று முழித்தான். நாற்காலியின் முதுகைப் பிடித்துச் சாய்த்ததும் எழுந்துவிட்டான். ஸ்பீக்கரை அடைத்துவிட்டு, ஹெட்போனை வலது காதில் மட்டும் வைத்துக் கேட்டு, குழலை ஓரமாக நகர்த்தி, அதன் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இம்மியளவு இறக்கினேன். திருப்பி மாட்டி மறுபடி கேட்டேன். ஏன் இப்படி மாட்டுகிறேன் என்று கடைக்காரர் கேட்டார். தங்கைக்குக் காது வலி என்று அண்ணன் முந்திக்கொண்டான்.

"வலியெல்லாம் இல்லைங்க. இடது காது கேக்காது. உங்க பாட்ட முழுக்க மிக்ஸ் பண்ணது நான்தான்."

கடைக்காரர் எழுந்தார். கோபமா, ஏமாந்த வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை. வேறு யாரிடமாவது ஒரு தடவை காட்டிக்கொள்கிறேனே என்று கதவுப் பக்கம் நடந்தார். அண்ணன் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான். அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

"தாராளமா காட்டுங்க. பிடிக்கலைன்னா விட்டுடுங்க. ஆனா பாட்டக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, என் காத எண்ணிட்டு இல்ல. வெளிய வந்தா மிக்ஸிங்னு என் பேருதான் வரணும்."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பீக்கரைத் திறந்தேன். இரண்டாம் சரணம் தொடங்கியது. குழல் ஒதுங்கிக்கொள்ள, அவர் குரல் நடுவில் நின்று பெண்டாட்டியைக் கூப்பிட்டது. கடைக்காரர் கதவின் கைப்பிடியைப் பற்றியபடி நின்றார். அதைத் திருப்பவும் இல்லை, விடவும் இல்லை. சத்தத்தைக் குறை என்று அண்ணன் சைகை காட்டினான். நான் கூட்டினேன்.